குட்டி என்று மட்டும்தான் எழுதியிருந்தது

சிட்லபாக்கம்
4 ஆகஸ்ட் 2025

திரு. ஜலாலுதீன் அவர்களுக்கு,

பத்தொன்பது வருடம் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்காக அல்ல. உங்கள் நலம் என் மனைவி ரமாவுக்குத் தெரியும். உங்கள் வீட்டு அம்மாவும் அவளும் வாரம் தவறாமல் போனில் பேசிக்கொள்வதை நான் கண்டும் காணாமல் இருக்கிறேன்.

ஹேமாவதி என்று ஒரு பெண் சேலையூரில் பதிப்பகம் தொடங்கியிருக்கிறாள். சிறுவர் புத்தகங்கள் மட்டும். என்னுடைய 'விளக்கணைத்த ஊர்' நாவலை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று வீட்டுக்கே வந்துவிட்டாள். சின்ன வயதில் அதைப் படித்துவிட்டு, கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டுப் பதுங்குகுழி விளையாடினாளாம். என் பெயரில் மூன்று ஆராய்ச்சி நூல்களும் இருக்கின்றன. அவற்றுக்காக யாரும் என் வீட்டு மணியை அடித்ததில்லை. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரமா காபி கொண்டுவந்தாள். நானே முறுக்கு டப்பாவைத் திறந்தேன்.

அப்போது அந்தப் பெண் சொன்னாள்: "பழைய படங்களோடதான் சார் போடணும். அந்த ஆடு இல்லாம அந்த புக்கே இல்ல."

நீங்கள் மறந்திருக்கலாம் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே காலியாகிக்கொண்டிருக்கிறது. தாம்பரம் விமானத் தளத்துக்கு அருகில் குடியிருக்கும் சுந்தரியும் அவள் தம்பி வேதாவும் கூட்டத்தில் தவறிப் பின்தங்கிவிடுகிறார்கள். உளவாளி ஒருவன் வரைந்த விமானத் தளத்தின் வரைபடம் அவர்கள் கையில் சிக்குகிறது. அவன் துரத்துகிறான். பிள்ளைகளோடு ஒரு குட்டி. அது வாயே திறக்காது. அதனால்தான் விளக்குகளை அணைத்துவைக்கும் இருட்டடிப்பு நாட்களில் அவர்கள் பிடிபடாமல் தப்புகிறார்கள். கடைசியில் உளவாளி அவர்களை மடக்கும்போது குட்டி அந்த வரைபடத்தைத் தின்றுவிடுகிறது. ஊர் பிழைக்கிறது.

நான் எழுதியது நாய்க்குட்டி. நீங்கள் வரைந்தது ஆட்டுக்குட்டி. அட்டையைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதற்குள் புத்தகங்கள் பைண்ட் ஆகிக் கண்காட்சிக்குப் போய்விட்டன.

நாய் வந்தால் புத்தகம் வரும், ஆடு வந்தால் வராது என்று ஹேமாவதியிடம் சொல்லிவிட்டேன். உங்களைத் தவிர வேறு ஓவியர் வேண்டாம் என்கிறாள். ஆகவே குட்டி வரும் படங்களை நீங்கள் நாயாகத் திருத்தித் தர வேண்டும். ஜனவரி கண்காட்சிக்குப் புத்தகம் தயாராக வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் நாம் இருவரும் ஒரு வழிக்கு வராவிட்டால் அவள் வேறு புத்தகத்துக்குப் போய்விடுவாள்.

போன் செய்ய வேண்டாம். போனில் எனக்குக் கோபம் வரும்.

இப்படிக்கு,
ச. ஸ்ரீநிவாசராகவன்

*

கேளம்பாக்கம்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அதில் இருப்பது எனக்குத் தெரியும். மெஹர் பானு அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள்: "உங்க ஃபிரண்டு லெட்டர் போட்டிருக்காராம். நாய் வேணுமாம்." யாரோ நாய்க்குட்டி விலைக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

நன்றாக இருக்கிறேன். ராஜகீழ்ப்பாக்கம் ஆர்ட்ஸ் கடையைக் கொடுத்துவிட்டு மகனோடு இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. ஓ.எம்.ஆர். அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லித் தருகிறேன். எல்லாப் பிள்ளையும் ராக்கெட்டும் டைனோசரும்தான் கேட்கும். எதையும் வரைவேன். ஆனால் உன் ஆட்டை நாயாக மாற்ற மாட்டேன்.

ஏன் என்று கேள். உன் கையெழுத்துப் பிரதியைக் கடையில் போர்டு எழுதுகிற ஸ்டூல் மேலேயே உட்கார்ந்து படித்தேன். பெயிண்ட் காய்ந்துபோனது தெரியவில்லை, அப்படிப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'குட்டி' என்றுதான் இருந்தது. ஒரு இடத்தில்கூட நாய் இல்லை. குரைத்தது என்று இல்லை. சுந்தரியின் முழங்காலில் 'முட்டியது' என்று எழுதியிருக்கிறாய். நாய் முட்டுமா? வேலியில் தலையை நுழைத்துப் பூவரச இலையை இழுத்தது என்கிறாய். எல்லாவற்றுக்கும் மேலே, பேப்பரைத் தின்கிறது. பேப்பர் தின்கிற பிராணி எது என்று தாம்பரம் மார்க்கெட்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்.

அன்றைக்கு அட்டையைப் பார்த்துவிட்டு நீ ஒரு வார்த்தை சொன்னாய்: "உங்களுக்கு ஆடுதானே தோணும், பாய்." அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது சீனு. இத்தனை வருடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஆடு வளர்த்ததே கிடையாது. மெஹர் பானுவுக்கு அந்த வாடையே ஆகாது. எதிர்ப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் கட்டியிருந்த குட்டியைப் பார்த்து வரைந்தேன். அது உன் கதையிலிருந்து இறங்கி வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

நம் பேச்சு நின்றுபோன அந்தப் பள்ளிக்கூட விழாவையும் நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். மேடையில் ஆட்டைக் கொண்டுவந்து கட்டியது நான் இல்லை. அந்தப் பள்ளியின் டிராயிங் மாஸ்டர். நீ பேசுவதற்கு வைத்திருந்த தாள்களை அது தின்றது. பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நீ இறங்கிப் போய்விட்டாய். பின்வரிசைப் பிள்ளைகள் என்ன கத்தினார்கள் என்று கேட்காமலே போனாய். "மேப் போச்சு, ஊரு பொழைச்சுது!" என்று கத்தினார்கள். உன்னைக் கிண்டல் செய்யவில்லை. உன் கதையைத்தான் ஒப்பித்தார்கள். ஹேமாவதியும் அந்த வரிசையில் இருந்தவள்தான், கேட்டுப்பார்.

தெரிந்த முகத்தை அழித்து வேறு முகம் போட என் கைக்கு வராது. சுந்தரியைப் பையனாக மாற்றச் சொன்னால் நீ மாற்றுவாயா?

அன்புடன்,
ஜலால்

*

சிட்லபாக்கம்
19 ஆகஸ்ட் 2025

ஜலால் பாய்க்கு,

பாய் என்று எழுதியதை வைத்து சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பழக்கம், கை எழுதிவிட்டது. அட்டையைப் பார்த்தபோது சொன்ன அந்த வார்த்தை தவறுதான். அதோடு விடுங்கள்.

முட்டியது என்றால் மூக்கால் முட்டியது. நாய் வைத்திருந்த எவருக்கும் அது தெரியும். இலையை இழுத்தது விளையாட்டுக்கு. பேப்பரைத் தின்றதற்குக் காரணம் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது: அந்த வரைபடத்தை உளவாளி கருவாட்டுக் கூடையில் ஒளித்துவைத்திருந்தான். பசித்த நாய் கருவாட்டு வாடை அடிக்கிற எதையும் தின்னும். அந்த ஒரு பத்திக்காக நான் குரோம்பேட்டை மீன் மார்க்கெட்டில் போய் நின்றேன். எங்கள் குடும்பத்தில் அதைச் செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன். இருபத்தேழு வருடமாக ஒரு வாசகர்கூடக் கருவாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் ஆடு.

அந்த ஆடு எனக்கு என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. கல்லூரியில் எனக்குப் பெயரே ஆட்டு வாத்தியார். மாணவர்கள் சொன்னால் பரவாயில்லை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த தனசிங், எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த அன்று, பாராட்டு விழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "நம்ம ராகவன் சார் ஆடு மேய்ச்சே பேர் வாங்கிட்டார். எனக்கு பசங்களை மேய்க்கத்தான் தெரியும்." முதல்வர்வரை சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

1942இல் ஊரைவிட்டு ஓடியவர்களைப் பற்றி ஒன்பது வருடம் உழைத்து ஒரு நூல் எழுதினேன். எங்கள் நூலகத்தில் அதை அலமாரியிலிருந்து எடுத்தவன் நான் ஒருவன்தான். அதுவும் சரியான தட்டில் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. நாவலிலும் அதெல்லாம் இருக்கிறது. பூட்டிய வீடுகள், ரயிலில் இடம் கிடைக்காதவர்கள், விளக்கைப் பார்த்தால் பயப்படுகிற பிள்ளைகள். ஆனால் ஒரு கொம்பு முளைக்காத பிராணி நடுவில் வந்து நின்று எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

நேற்று இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது ரமா எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, ஆட்டைத் திட்டி யாராவது நாலு பக்கம் எழுதுவாளா?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

புத்தகம் வராது. ஹேமாவதியிடம் சொல்லிவிடுகிறேன்.

ராகவன்

*

கேளம்பாக்கம்
2 செப்டம்பர் 2025

அன்புள்ள சீனு,

நீ இன்னும் ஹேமாவதியிடம் சொல்லவில்லை. நான் அவளைக் கேட்டுவிட்டேன். எனவே எனக்கு இன்னும் ஒரு கேள்விக்கு இடம் இருக்கிறது.

நாம் எப்படிப் பழக்கமானோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பாய். நான் ஏணி மேல் ஒரு மருந்துக் கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். இறங்கியதும் கீழே நின்ற ஒருவன், "பாய், 'மருந்துக் கடை'யில ஒரு க் விட்டுப்போச்சு" என்றான். மேலே இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். எழுதி முடித்து இறங்கியவனை மறுபடி ஏற வைத்தாய். பஸ்ஸை விட்டுவிட்டு, நான் அந்த ஒற்றைப் போடுகிறவரை கீழே நின்று பார்த்தாய். இவன் கதை எழுதினால் படம் வரையலாம் என்று அன்றைக்கே நினைத்தேன்.

ஒரு ஒற்றுக்காகப் பஸ்ஸை விட்டவன் நீ. கருவாட்டு வாடைக்காக மார்க்கெட்டில் போய் நின்றவன் நீ. அப்படிப்பட்டவன் இருநூறு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட நாய் என்று எழுதாமல் விட்டது எப்படி? மறந்துபோய் விடுகிற ஆள் இல்லை நீ. எழுத வேண்டாம் என்றுதான் எழுதவில்லை.

ஏன் சீனு?

ஜலால்

*

சிட்லபாக்கம்
27 செப்டம்பர் 2025

ஜலால் பாய்,

மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழித்திருப்பேன். தபால்காரர் வாசலில் நின்றதால் தப்பியது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஏரிக்கரையில் ஒரு நாய்க்குட்டியைக் கண்டெடுத்து வந்தேன். அப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நம்மாத்துல இதுவா?" என்று ஒரே கேள்வி. ஆசாரமான வீடு. நான் அழுதேன். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். அதை நாய் என்று யாரும் சொல்லக் கூடாது. குட்டி என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் நாய் வளர்க்கவில்லை. கொல்லைப்பக்கம் ஒரு குட்டி இருக்கிறது, அவ்வளவுதான். அப்பா ஒரு வாரம் முறைத்தார். அப்புறம் ஆபீசிலிருந்து வந்ததும், "குட்டி சாப்ட்டுதா?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார். வளர்ந்து பெரிதான பிறகும் அது குட்டிதான். பக்கத்து வீட்டார், பால்காரர், எல்லாரும் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததே இல்லை.

ஒருநாள் தெருவில் நாய் பிடிக்கிற வண்டி வந்தது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அதுவும் புரிந்த மாதிரி அசையாமல் இருந்தது. வண்டி எங்கள் வாசலைத் தாண்டிவிட்டது. அப்போது அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. தினமும் அந்த மணிக்கு அது குரைக்கும். என் கையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடிக் குரைத்தது. சந்தோஷத்தில்.

அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வண்டியின் பின்னாலேயே போனார். இருட்டிய பிறகு திரும்பி வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "நாயைக் கொண்டுபோயிட்டா."

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் அந்தச் சொல் முதல்முறை கேட்டது.

யுத்தத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுத உட்கார்ந்தபோது அதில் வாய் திறக்காத ஒரு குட்டியை வைத்தேன். எது நடந்தாலும் அது குரைக்காது. குரைக்காததால் யாராலும் பிடிக்க முடியாது. நாய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாவிட்டாலும் புரியும் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் எல்லாருக்கும் புரிந்ததே.

இதை ரமாவிடம்கூடச் சொன்னதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். மெஹர் பானு வழியாகவும் வேண்டாம்.

ராகவன்

*

கேளம்பாக்கம்
6 அக்டோபர் 2025

அன்புள்ள சீனு,

வரைந்து தருகிறேன். எல்லாப் படத்தையும். ஆட்டை எடுத்துவிட்டு உன் குட்டியைப் போட்டுத் தருகிறேன். முடியாது என்று நான் எழுதியதை மறந்துவிடு.

யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று ஏன் மனம் மாறினேன் என்று மெஹர் பானு குடைந்து குடைந்து கேட்கிறாள். மூன்று நாளாக மாலையில் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நாய்களை வரைந்து பழகுகிறேன். "இந்த வயசுல தெருநாய்ங்களுக்கு போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கீங்களா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்கிறாள். நேற்று அவளே ஒரு நாய்க்கு பிஸ்கட் போட்டு, அது ஓடாமல் நிற்கும்படி பார்த்துக்கொண்டாள். அது வேறு விஷயம்.

நாய் எனக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் இதெல்லாம் கேளம்பாக்கத்து நாய்கள். எனக்கு வேண்டியது சிட்லபாக்கத்தில் உன் வீட்டுக் கொல்லையில் இருந்த ஒன்று. போட்டோ இருக்காது என்று தெரியும். எழுதி அனுப்பு. என்ன நிறம், காது எப்படி, வால் எந்தப் பக்கம் சுருளும், உட்கார்ந்தால் காலை எப்படி வைத்துக்கொள்ளும். உன் மாதிரி ஆள் எழுதினால் நான் பார்த்த மாதிரியே வரைவேன்.

உன் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுது. எந்தப் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று சேர்த்துச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

அன்புடன்,
ஜலால்

*

சிட்லபாக்கம்
21 அக்டோபர் 2025

அன்புள்ள ஜலால் பாய்,

நீங்கள் கேட்டபடி எழுத உட்கார்ந்தேன். பழுப்பு நிறம். முன்னங்கால் இரண்டும் வெள்ளை. இடது காது எப்போதும் மடங்கியிருக்கும். வலது காது மட்டும் நிமிரும். உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவர் மேல் முதுகைக் கொடுத்துக்கொள்ளும். வெயிலில் பார்த்தால் மீசை மயிர் பொன்னாகத் தெரியும். இவ்வளவும் எனக்கு நினைவிருக்கும் என்று நானே நினைக்கவில்லை. மடமடவென்று வந்தது.

பிறகு புத்தகத்தை எடுத்தேன். வெளிவந்த நாளிலிருந்து அதை முழுதாகப் படித்ததில்லை. அட்டையைப் பார்த்தாலே எரிச்சல் வரும் என்பதால் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தேன். முதல் அத்தியாயத்திலிருந்து படித்தேன். சுந்தரி தம்பியை இழுத்துக்கொண்டு விமானத் தளத்து முள்வேலியின் ஓரமாக ஓடுகிறாள். கூடவே குட்டியும் ஓடுகிறது. நான் கண்ணை மூடிப் பார்த்தேன். ஓடுவது ஆடு.

புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். வேறு அத்தியாயம். வேதாவுக்குக் காய்ச்சல், குட்டி அவன் காலடியில் படுத்துக்கொள்கிறது. ஆடு. உளவாளி கையை ஓங்குகிறான், குட்டி பாய்ந்து வரைபடத்தைப் பிடுங்குகிறது. கருவாட்டை நினைத்துக்கொண்டே படித்தேன். அப்போதும் ஆடுதான். என் நாயை எவ்வளவு கூப்பிட்டும் அது அந்தக் கதைக்குள் வர மாட்டேன் என்கிறது. கொல்லையில் சுவர் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது.

முதலில் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. என் தலைக்குள்ளேயும் வரைந்துவிட்டீர்கள் என்று. சத்தமாகவே திட்டியிருப்பேன் போல. ரமா ஓடி வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொல்லை, வண்டி, அப்பா, எல்லாம். புத்தகம் சுற்றியிருந்த செய்தித்தாளை அவள் மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "அது நன்னா குரைக்குமோ?"

நன்றாகக் குரைக்கும், பாய். நாலு தெருவுக்குக் கேட்கும். கொல்லைக் கதவு நடுங்கும். அதைப் போய் இருநூறு பக்கத்துக்கு வாயைக் கட்டி உட்கார வைத்திருக்கிறேன். அப்படி ஒரு ஜீவன் என் நாயாக எப்படி இருக்கும்? வாய் திறக்காமல், எதையும் மென்றுகொண்டு, பிள்ளைகள் கூடவே பொறுமையாக வருவது நீங்கள் வரைந்ததுதான். அதை எழுதியவன் நான் என்பது உண்மை. ஆனால் அது யார் என்று முதலில் தெரிந்துகொண்டவர் நீங்கள்.

ஆகவே ஆடு இருக்கட்டும். ஹேமாவதியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். போனில் குதூகலமாகச் சத்தம் போட்டாள். தனசிங்கையும் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவன் கணக்கு தனி. புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அவன் மேஜையில் வைக்கப்போகிறேன், அட்டை மேலே தெரியும்படி.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். ஒன்பதாம் அத்தியாயத்தில், பிள்ளைகள் காலியான ஒரு வீட்டில் அசந்து தூங்கும்போது உளவாளி சுவர் ஏறி வருகிறான் அல்லவா? பழைய பதிப்பில் வேதா தானாக விழித்துக்கொள்வான். அது எனக்கு அப்போதே திருப்தியில்லை. மாற்றி எழுதியிருக்கிறேன்:

"தெருமுனையில் ஒரு நாய் குரைத்தது. ஊரே பூட்டிக்கொண்டு போன பிறகும் அது மட்டும் போகவில்லை. பழுப்பு நிறம். ஒரு காது மடங்கியிருந்தது. சுவர் மேல் நின்றவனைப் பார்த்து அது தெருவெல்லாம் அதிரக் குரைத்தது. விமானத் தளத்துக் காவல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரி எழுந்துவிட்டாள். குட்டியின் காதுகள் நிமிர்ந்தன. அவர்கள் கொல்லை வழியாக ஓடி மறையும்வரை அது குரைத்துக்கொண்டே இருந்தது. யாரும் அதன் வாயைப் பொத்தவில்லை."

இந்த இடத்துக்கு ஒரு புதுப் படம் வேண்டும். பழகிவிட்டேன் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ரமாவோடு கேளம்பாக்கம் வருகிறேன். மதியத்துக்குள் வந்துவிடுவோம், மெஹர் பானுவுக்கு இதற்குள் தகவல் போயிருக்கும். படம் முடியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து காதைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன்.

இந்த முறை குழப்பம் எதுவும் வராது. நாய் என்றே எழுதியிருக்கிறேன்.

உங்கள்,
சீனு